பாட்டு கருவியில் ஓடுகிறது, கணினிக்கு வரவில்லை: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிதல்

சேலம் கோட்டை மாரியம்மனின் ஆடித் திருவிழா முடிந்து, சுற்றுவட்டாரத்துக் கோயில் மேடைகளும் ஓய்ந்த பிறகுதான் இங்குள்ள மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டு கலைஞர்களுக்குத் தங்கள் கருவியை நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது. முகப்பிசை, இடையிசை, தாளக்கட்டு என்று பல ஆண்டுகளாக ஒரே சிந்தசைசரின் சீக்வென்சரில் (வாசித்ததைப் பதிந்து வைத்து மறுபடி ஓட்டும் பகுதியில்) சேர்த்து வைத்ததைக் கணினிக்கு மாற்றித் தரும்படி அவர்கள் வருகிறார்கள். வரும்போதே, "லேப்டாப் எடுக்கவே மாட்டேங்குதுங்க" என்று ஒரு தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். என் அனுபவத்தில் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. கருவியின் பொது அமைப்புகள் இருக்கும் குளோபல் பக்கத்திலோ சிஸ்டம் பக்கத்திலோ யாரோ என்றோ மாற்றி வைத்த ஓர் அமைப்பில்தான் பழுது இருக்கும். அங்கே இல்லையென்றால் கேபிளில் இருக்கும். கணினியின் முறை அதற்குப் பிறகுதான் வரும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்த வரிசையிலேயே தேடியிருக்கிறேன்.

எந்த அறிகுறியையும் ஆராயும் முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: கருவியை அணைக்காதீர்கள். 1990களின் ஒர்க்ஸ்டேஷன்கள் (சீக்வென்சரும் சேர்ந்த பெரிய கீபோர்டுகள்) பலவற்றில் ஒலிகள் உள்ளே இருக்கும் பேட்டரியின் துணையால் நிலைத்திருக்கும். சீக்வென்சரில் உள்ள பாட்டு அப்படி நிலைக்காது. 1999-இல் வந்த கோர்க் டிரைட்டனில், ஃப்ளாப்பியில் சேமிக்காத பாட்டு, மின்சாரம் நின்றவுடன் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி, புதிதாகப் போட்ட 3 பாடல்களை ஏற்றிய நிலையிலேயே கருவியை இன்வெர்ட்டரில் ஓட்டியபடி வைத்திருந்தார். மிடி (எந்தச் சுரம், எப்போது என்பதைக் கருவிகளுக்கிடையே எண்ணாக அனுப்பும் முறை) வராததைக் கண்ட நான், பழக்க தோஷத்தில், பின்பக்கத்து ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். திரை மீண்டும் எரிந்தபோது பாட்டின் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாண்டின் திருகைச் சிறிது நேரம் திருகிக்கொண்டிருந்தார். அன்று முதல், கருவி மேசைக்கு வந்ததும் முதலில் ஃப்ளாப்பியிலோ யூஎஸ்பியிலோ சேமிக்கிறேன். அது முடியாவிட்டால் ஆடியோ வெளியீட்டை அப்படியே ஒரு முறை பதிவு செய்துகொள்கிறேன். அதன் பிறகே மிடி கேபிளைத் தொடுகிறேன். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளாக இருந்தால் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவிடுவதே நல்லது.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பாட்டை ஸ்டாண்டர்டு மிடி கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பைக் கணினியில் திறப்பது ஒரு வழி. பாட்டைக் கருவியில் ஓடவிட்டு, மிடி கேபிள் வழியாக வருவதைக் கணினியில் பதிவு செய்வது மற்றொன்று. கோப்பு வழி இருக்கும் கருவியில் கேபிள் வழியை நாடுவது வீண் உழைப்பு. கோப்பில் டெம்போ மாற்றங்கள் உட்பட எல்லாம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். கேபிளிலோ நேரம் என்பது நிகழும் கணத்தில் பிடித்தால்தான் உண்டு. ஆனால் பலருடைய கருவியில் ஃப்ளாப்பி டிரைவ் செத்துப் பல காலம் ஆகியிருக்கும் என்பதால் கேபிள் வழியைப் பற்றியே இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

எதுவுமே வரவில்லை

கருவியின் அவுட், கணினிப் பக்கத்து இன்டர்ஃபேஸின் (மிடியைக் கணினியோடு சேர்க்கும் இணைப்பானின்) இன்னில் சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இங்கேதான் அதிகம் தவறு நேர்கிறது. அது பயனரின் குற்றமும் அன்று. மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்களில் தொங்கும் இரண்டு பிளக்குகளில் "இன்" என்று அச்சிட்டிருப்பது, கருவியின் இன் துளையில் செருக வேண்டியது என்று ஒரு தயாரிப்பில் பொருள்படும். கணினியின் உள்வரவு என்று வேறொரு தயாரிப்பில் பொருள்படும். ஆகவே எழுத்தை நம்பாமல் இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். இதனால் எதுவும் எரிந்துபோகாது. மிடியின் உள்வரவுப் பக்கம் ஓர் ஒளி இணைப்பி வழியாகவே செய்தியை வாங்குகிறது. இரு கருவிகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லை.

இன்டர்ஃபேஸின் விளக்கையும் கவனியுங்கள். நீங்கள் எதையும் வாசிக்காதபோதே உள்வரவு விளக்கு விட்டுவிட்டு மின்னினால், கருவி தன் இருப்பை அறிவிக்கும் ஆக்டிவ் சென்சிங் செய்தியையோ கடிகாரத் துடிப்பையோ அனுப்புகிறது என்று பொருள். அப்படியானால் கருவியும் கேபிளும் நல்ல நிலையில் இருக்கின்றன. மென்பொருளில் அந்த உள்வரவு இயக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தால் போதும். விண்டோஸில் பழைய டிரைவர்கள் ஒரு மிடி வாயிலை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கே தரும். வேறொரு மென்பொருளோ, மிடி அனுமதி கேட்ட ஓர் இணையப் பக்கமோ பின்னால் திறந்திருந்தால், உங்கள் இசை மென்பொருள் வாயிலைத் திறக்க முடியாமல் வாய்மூடி இருக்கும். மற்றவற்றை மூடிவிட்டு, மிடி-ஆக்ஸ் போன்ற ஒரு கண்காணிப்பு மென்பொருளை மட்டும் திறந்து, ஒரு விசையை அழுத்திப் பார்ப்பது இந்தக் கட்டத்தில் மிகச் சிறந்த சோதனை.

விளக்கே எரியவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். 5 முனைகள் இருந்தாலும் மிடி 1.0 பயன்படுத்துபவை நடுவிலுள்ள 2-ஆம் முனையும், அதன் இருபுறமும் உள்ள 4, 5 முனைகளும் மட்டுமே. செய்தி 4-லும் 5-லும் போகிறது, 2 என்பது கவசக் கம்பிக்கானது. ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு கேபிளில் 5-ஆம் முனை மட்டும் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது; நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்ததும் அந்தக் கேபிள் வேலை செய்தது. கேபிளின் நீளம் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேடையின் ஒரு கோடியிலிருந்து மிக்சர் மேசை வரை இழுத்த கேபிளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பயன்படுத்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கையால் வாசித்தால் வருகிறது, பாட்டை ஓட்டினால் வரவில்லை

இந்த அறிகுறியைக் கேட்டவுடனே கணினியை மறந்துவிடலாம். விசைப்பலகையின் செய்தி வருகிறது என்றால் பாதை முழுவதும் திறந்திருக்கிறது. சீக்வென்சரின் செய்தியைக் கருவிதான் உள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறது. யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசைக் கீபோர்டுகளில் சாங் அவுட், ஸ்டைல் அவுட் என்று இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன. அவை அணைந்திருந்தால் பாட்டும் தாளக்கட்டும் கருவியின் ஸ்பீக்கரில் முழங்கும், மிடியில் ஒரு சுரமும் வெளியேறாது. ஒர்க்ஸ்டேஷன் வகையில் இதே அமைப்பு ஒவ்வொரு டிராக்குக்கும் தனியாக இருக்கும்: டிராக்கின் நிலை "இன்டர்னல்" என்றால் உள்ளே மட்டும், "எக்ஸ்டர்னல்" என்றால் வெளியே மட்டும், "போத்" என்றால் இரண்டும். மாற்றத்துக்கு "போத்" என்பதே வசதி. வெளியே போவதைக் காதாலும் சரிபார்க்கலாம்.

சில டிராக்குகள் மட்டும் வந்து மற்றவை வராவிட்டால், வராதவை இன்டர்னலில் நிற்கின்றன என்றே கொள்ளுங்கள். அது சரியாக இருந்தும் ஆர்ப்பெஜியேட்டர் (பிடித்த விசைகளைத் தானே சுர வரிசையாக விரிக்கும் வசதி) வாசிக்கும் பகுதி மட்டும் வரவில்லை என்றால், கருவி தான் விரித்த சுரங்களை அனுப்பாமல் நீங்கள் அழுத்திய விசைகளை மட்டும் அனுப்புகிறது. இதற்கும் குளோபல் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் அமைப்பு உண்டு.

ஒலி இரட்டிக்கிறது, அல்லது ஒரு சுரம் நிற்காமல் ஒலிக்கிறது

ஒரே சுரம் மிகச் சிறிய இடைவெளியில் இருமுறை ஒலித்தால், குழாய்க்குள் இருந்து கேட்பதுபோல் ஒரு சாயல் வரும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கையும் பாதியாகும். கருவி அனுப்பியதைக் கணினி வாங்கித் திருப்பி அனுப்புகிறது. கருவி அதை மறுபடி வாசிக்கிறது. தீர்வு இரண்டில் ஒன்று: மென்பொருளில் அந்த டிராக்கின் மிடி வெளியீட்டை நிறுத்துங்கள், அல்லது கருவியில் லோக்கல் கன்ட்ரோலை (விசைப்பலகைக்கும் கருவியின் சொந்த ஒலிக்கும் உள்ள நேரடித் தொடர்பை) அணையுங்கள். மாற்றத்தின்போது முதலாவதையே நான் பரிந்துரைக்கிறேன். லோக்கலை அணைத்துவிட்டு மறந்துபோனவர்கள், மறுநாள் கச்சேரி மேடையில் விசையை அழுத்தி ஒலி வராமல் திகைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

சுரம் நிற்காமல் ஒலிப்பது, சுரத்தைத் தொடங்கும் நோட் ஆன் செய்தி வந்து, அதை நிறுத்தும் நோட் ஆஃப் வராததால் நிகழ்வது. பாட்டை இடையில் நிறுத்திக் கேபிளை உருவியிருப்பீர்கள். இல்லையென்றால் சஸ்டெயின் பெடலின் செய்தியான கன்ட்ரோலர் 64, மதிப்பு 127-இல் பதிவாகிவிட்டு 0-க்குத் திரும்பியிராது. மென்பொருளில் செய்திகள் வரிசையாகத் தெரியும் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து, அந்த டிராக்கில் வரும் கடைசி 64-ஐப் பாருங்கள். 0 இல்லையென்றால் நீங்களே ஒன்று எழுதுங்கள்.

பாட்டு வருகிறது, ஆனால் தாளம் கிளிக்கோடு சேரவில்லை

இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் "சேரவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, ஒன்றின் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். கண்டுபிடிக்கும் முறை எளிது. பதிவான பாட்டில் பேஸ் டிரம் முதல் அடியில் விழும் மூன்று பார்களை (தாளச் சுற்றுகளை) எடுத்துக்கொள்ளுங்கள். 5, 50, 100 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் அந்த அடி கோட்டிலிருந்து எத்தனை டிக் (மென்பொருள் நேரத்தை எண்ணும் மிகச் சிறிய அலகு) தள்ளி நிற்கிறது என்று நிகழ்வுப் பட்டியலில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு, உதாரணமாக 23 டிக், தள்ளியிருந்தால் அது வெறும் தாமதம். காலாகாலமாக ஒரே அளவில் இருக்கும் தாமதம் பழுதே அன்று. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 23 டிக் முன்னால் நகர்த்தினால் முடிந்தது. ஒரு கால்சுரத்துக்கு (டெம்போ எண்ணும் ஓர் அடிக்கு) 960 டிக் என்று பிரிக்கும் மென்பொருளில், டெம்போ 120-இல், 23 டிக் என்பது 12 மில்லிசெகண்டு.

5-ஆம் பாரில் சிறிதாகவும், 50-இல் பெரிதாகவும், 100-இல் இன்னும் பெரிதாகவும் இருந்தால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடவில்லை. கருவியின் திரையிலும் மென்பொருளிலும் 118 என்றே எழுதியிருந்தாலும், அவை இரண்டு வெவ்வேறு படிகங்களை எண்ணுகின்றன. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே 4 நிமிடப் பாட்டின் முடிவில் 24 மில்லிசெகண்டு விலகிவிடும். இதற்குத் தீர்வு ஒன்றை மற்றொன்றின் பின்னால் ஓடவைப்பதுதான். கணினியே முன்னால் ஓடட்டும். மென்பொருளில் மிடி கடிகாரம் அனுப்பும் அமைப்பை இயக்கி, கருவியின் ஒத்திசைவை எக்ஸ்டர்னல் அல்லது மிடி என்று மாற்றுங்கள். பல மென்பொருள்கள் கடிகாரத்தை அனுப்புவதில் நம்பகமானவை, பின்தொடர்வதில் அப்படி அல்ல என்பதால் இந்தத் திசையைச் சொல்கிறேன். இப்போது இரண்டு கேபிள்கள் வேண்டும்: கடிகாரம் போக ஒன்று, சுரங்கள் வர ஒன்று. ஒன்றை மட்டும் செருகிவிட்டு, "பிளே அழுத்தினால் கருவி அசையவே மாட்டேங்குது" என்று கேட்போர் அநேகம்.

கடிகாரம் என்பது ஒரு கால்சுரத்துக்கு 24 துடிப்புகள். டெம்போ 120-இல் ஏறத்தாழ 21 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கருவி அந்தத் துடிப்பை மட்டுமே பார்த்து ஓடுவதால், பாட்டுக்குள் நீங்கள் எழுதி வைத்த டெம்போ மாற்றங்களைப் புறக்கணித்துவிடும். விருத்தம்போல் மெதுவாகத் தொடங்கி, பல்லவியில் விரைவாகும் பாட்டு என்றால், அந்த மாற்றங்களை முதலில் மென்பொருளின் டெம்போ டிராக்கில் எழுதிவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது நோயில் மூன்று அளவுகளும் ஒழுங்கின்றி இருக்கும்; ஒன்று 4, ஒன்று 31, ஒன்று 15. இது நெரிசல். மிடி 1983-இல் வரையறுக்கப்பட்டபோது அதன் வேகம் வினாடிக்கு 31,250 பிட் என்று வைக்கப்பட்டது. ஐந்து முனைக் கேபிளில் இன்றும் அதே வேகம்தான். ஒரு பைட்டைச் சுமக்க 10 பிட் ஆவதால், 3 பைட் கொண்ட ஒரு நோட் ஆன் கம்பியைக் கடக்க ஏறத்தாழ 1 மில்லிசெகண்டு ஆகிறது. பாரின் முதல் அடியில் பேஸ் டிரம், ஜால்ரா, பேஸ் கிட்டார், ஆறு சுரங்கள் கொண்ட ஸ்டிரிங்ஸ், மூன்று சுரங்கள் கொண்ட பியானோ எல்லாம் ஒன்றாக விழுந்தால், அவை வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகவே போகும். கடைசியில் நிற்பது முதலாவதற்கு 10 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தி வரும். இடையில் ஆஃப்டர்டச் (பிடித்த விசையின் மேல் கூடும் அழுத்தம்) செய்திகளும் கொட்டினால் வரிசை இன்னும் நீளும்.

ஆகவே எல்லா டிராக்குகளையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்ய ஆசைப்படாதீர்கள். ஒன்றைத் தவிர மற்றவற்றை மியூட் செய்துவிட்டு, கடிகாரத்தோடு ஓட்டி, ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். 16 டிராக் என்றால் 16 முறை ஓட்ட வேண்டும். 4 நிமிடப் பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே செய்யலாம். பிறகு எஞ்சும் சிறு பிசிறைக் கருவியின் சொந்தப் பகுப்புக்கு ஒட்டவையுங்கள். 1996-இல் வந்த ரோலண்ட் எக்ஸ்பி-80 கால்சுரத்தை 96 பகுதிகளாகவும் டிரைட்டன் 192 பகுதிகளாகவும் பிரிக்கின்றன. அந்தக் கட்டத்துக்குக் குவாண்டைஸ் செய்தால் (சுரங்களை மிக அருகிலுள்ள கோட்டுக்கு நகர்த்தினால்) வாசித்தவரின் கைவாகு அப்படியே இருக்கும். பதினாறாம் சுரக் கட்டத்துக்குக் குவாண்டைஸ் செய்தால் எந்திரத் தையல்போல் ஆகிவிடும்.

முதல் சுரம் மட்டும் விழுந்துபோகிறது என்பார்கள். பாட்டின் முதல் டிக்கிலேயே ஒலித்தேர்வு, பேங்க், வால்யூம் செய்திகள் எல்லாச் சேனலுக்கும் குவிந்திருக்கும். அவை போய் முடிந்தபின்தான் சுரம் வரும். இல்லையென்றால் சுரம் பதிவின் தொடக்கக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுந்து வெட்டுப்பட்டிருக்கும். பாட்டின் தலையில் ஒரு வெற்றுப் பாரைச் செருகி, அமைப்புச் செய்திகளை அங்கேயே விட்டுவிட்டால் இரண்டும் தீரும்.

தபலா ஒலித்த இடத்தில் விசில் ஊதுகிறது

கோப்பாக மாற்றியவர்களிடம் இந்தப் புகார் அதிகம். மிடி கோப்பில் ஒலி இல்லை. "சேனல் 10-இல் 71-ஆம் எண் சுரம்" என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரையறைப்படி சேனல் 10-இல் 36 என்பது பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட், 56 கவ்பெல், 71 குறு விசில். இந்தியச் சந்தைக்கான கீபோர்டுகளின் தபலா, டோலக் தொகுப்புகளில் அதே எண்களில் வேறு அடிகள் உட்கார்ந்திருக்கும். கோப்பு கெடவில்லை, வாசிக்கும் கருவி மாறிவிட்டது. கருவியில் அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எந்த எண்ணில் என்ன அடி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு உங்கள் மென்பொருள் தபலாவின் எண்களுக்கு மாற்றுங்கள். சுரப் பெயரை எழுதாமல் எண்ணை எழுதுங்கள். 60-ஆம் எண்ணை யமஹா சி3 என்றும் ரோலண்ட் சி4 என்றும் அழைப்பதால், பெயரை நம்பினால் ஓர் ஆக்டேவ் தவறும்.

எல்லாம் ஒரே டிராக்கில் குவிந்து வந்தால் கோப்பு 0 வகையைச் சேர்ந்தது. கருவியில் 1 வகையாகச் சேமிக்கும் வாய்ப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மென்பொருளில் சேனல் வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கியூபேஸில் டிஸால்வ் பார்ட், ரீப்பரில் எக்ஸ்ப்ளோட் என்று தொடங்கும் கட்டளை இதைச் செய்யும்.

நாதஸ்வரத்தின் கமகம் கருகிவிட்டது

மேற்கத்திய நாட்டுக் கையேடுகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடும். நமக்கு இதுதான் உயிர். பிட்ச் பென்ட் சக்கரத்தைத் தள்ளி வாசித்த நாதஸ்வரமோ வீணையோ கருவியில் குழைந்து ஒலிக்கும். மென்பொருளில் சுருதி சேராத சிறுவன் பாடுவதுபோல் இருக்கும். பதிவான செய்தி சரியாகவே இருக்கும். பென்ட் செய்தி 0 முதல் 16,383 வரையிலான ஓர் எண், நடுநிலை 8,192. சக்கரம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை மட்டும் அந்த எண் சொல்கிறது. அந்தத் தூரத்துக்கு எத்தனை அரைச்சுரம் என்பதை ஒலிக்கும் கருவி முடிவு செய்கிறது. சிந்தசைசரில் பென்ட் எல்லை 12 அரைச்சுரம் என்று வைத்து வாசித்திருந்தீர்கள், மென்பொருளில் அது வழக்கமான 2-இல் இருக்கிறது என்றால், ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு நீங்கள் இழுத்த 2 அரைச்சுரம் அங்கே ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

மென்பொருள் கருவியில் எல்லையை 12 என்று மாற்றுங்கள். மாற்ற அந்தக் கருவியில் இடமில்லையென்றால், டிராக்கின் தொடக்கத்தில் கன்ட்ரோலர் 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 12 என்று இதே வரிசையில் மூன்று செய்திகளை எழுதுங்கள். இதை மதிக்கும் கருவிகள் பல. எல்லை சரியாக இருந்தும் கமகம் படிக்கட்டுபோல் தாவினால், மென்பொருளோ நீங்களோ செய்திகளை மெலிதாக்கியிருக்கிறீர்கள், அல்லது பென்டையும் சேர்த்துக் குவாண்டைஸ் செய்திருக்கிறீர்கள். சுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் குவாண்டைஸ் செய்யும் பழக்கம் வேண்டும்.

பாட்டின் கட்டை மாறிவிட்டது

பாடுபவருக்காக மேடையில் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை தட்டியிருப்பீர்கள். 5 கட்டைப் பாட்டு ஐந்தரையில் பதிவாகி நிற்கும். பொத்தானை 0-க்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். தாள டிராக்கைத் தவிர மற்றவற்றை மென்பொருளிலேயே ஓர் அரைச்சுரம் இறக்கினாலும் போதும்.

ஃப்ளாப்பியைக் கணினி ஏற்கவில்லை

ஃப்ளாப்பியைச் செருகியவுடன், வட்டை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வட்டு கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என்சோனிக் போன்ற சில நிறுவனங்களின் கருவிகள் விண்டோஸுக்குப் புரியாத தங்கள் சொந்த முறையில் வட்டை எழுதின. செருகுவதற்கு முன்பே, மூலையிலுள்ள நகரும் சிறு தாழைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்துவிட்டால், யாரும் தவறுதலாக அழிக்க முடியாது. வட்டு திறந்தும் பாட்டுக் கோப்பை மென்பொருள் ஏற்கவில்லையென்றால், அது கருவியின் சொந்தப் பாட்டு வடிவம். அதைக் கருவியில் ஏற்றி, ஸ்டாண்டர்டு மிடி கோப்பாக மறுபடி சேமிக்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் வட்டுக்கு வேறொரு நோயும் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் மூடுபனியில் நனையும் ஊர். அங்கே ஒரு தேவாலயத்தில் பாடற்குழுவுக்கு வாசித்த பெரியவர் ஒருவர், பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பிகளை வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி வந்தார். உலோக மூடியை விரலால் நகர்த்தி, வட்டை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றியபோது, பழுப்பு நிறப் பரப்பின் மீது கோலப்பொடி சிந்தியதுபோல் வெள்ளைப் பூஞ்சணப் புள்ளிகள் தெரிந்தன. "ஐயா, இதை டிரைவில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "மூணு போட்டேன், நாலாவது புது வட்டையும் படிக்கலை" என்றார். பூஞ்சணம் படிக்கும் தலையில் அப்பி, அடுத்து வந்த நல்ல வட்டையும் கீறியிருந்தது. புள்ளி தெரியும் வட்டை டிரைவில் போடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், மூடித் திறப்பில் தெரியும் பகுதியை இரு பக்கமும் துடைத்து, வட்டைச் சுழற்றி அடுத்த பகுதியைத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, பிறகு ஒரே ஒரு முறை முழு வட்டையும் நகலெடுங்கள். கோப்பு கோப்பாகத் திறந்து பார்ப்பது அதன் பிறகு, அந்த நகலில்.

ஒலிகளின் டம்ப் பாதியில் நிற்கிறது

பாட்டோடு கருவியின் ஒலி அமைப்புகளையும் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் டம்ப்பாக (அந்தக் கருவிக்கே உரிய மிடி செய்திகளின் மொத்தத் தொகுப்பாக) அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. வினாடிக்கு 3,125 பைட் வேகத்தில் 64 கிலோபைட் போய்ச்சேர ஏறத்தாழ 21 வினாடி ஆகும். இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டதாக மென்பொருள் சொன்னால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. மலிவான இன்டர்ஃபேஸ்கள் நீண்ட செய்தியை நடுவில் கைவிடுவது வழக்கம். நல்லதொன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிச் செய்யுங்கள். திருப்பி அனுப்பும்போது கருவி ஏற்கவில்லையென்றால், மெமரி புரொடெக்ட் அணைந்துள்ளதா, டிவைஸ் எண் டம்ப் எடுத்தபோது இருந்ததுதானா என்று பாருங்கள்.

ஆடியோவில் ஹம்

மிடி கேபிளில் மட்டும் இணைத்தபோது அமைதியாக இருந்த கருவி, யூஎஸ்பியில் இணைத்தவுடன் ஸ்பீக்கரில் உறுமத் தொடங்கினால், அது எர்த் வளையம். ஒளி இணைப்பி தரும் பிரிவு யூஎஸ்பி கேபிளில் கிடையாது. லேப்டாப்பின் சார்ஜர், கருவி, மிக்சர் மூன்றும் தனித்தனிப் பிளக்குகளில் எர்த்தைத் தேடுகின்றன. எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், மைக்கைத் தொடும் பாடகருக்கு அது ஆபத்து. மூன்றையும் ஒரே பலகையில் செருகுங்கள். அப்போதும் உறுமினால், சார்ஜரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பின் பேட்டரியில் ஒரு பாட்டு நேரம் பதிவு செய்து, மறுபடி சார்ஜ் ஏற்றி, அடுத்த பாட்டுக்குப் போங்கள்.